ஃபரஞ்சி விலை

விடுங்க சார். தண்ணி பாட்டிலுக்குப் பத்து ரூபா கூடக் கேட்டான்னு அவன்கூட மல்லுக்கு நின்னு என்ன ஆகப் போகுது? பஸ்ஸை விட்டு எறங்கி வர்றவனுக்கு ஒரு விலை, பைக்ல வந்து நிக்கிற உள்ளூர்க்காரனுக்கு ஒரு விலை. இந்த மோட்டல் எல்லாத்துலயும் இதே கதைதான். உக்காருங்க. ஜன்னல் பக்கம் வேணும்னாலும் எடுத்துக்கங்க, நான் கோவில்பட்டியில எறங்கிருவேன்.

நீங்க சண்டை போட்டதைக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நானும் ஒரு காலத்துல இப்படித்தான். உங்களைவிட மோசம். நாலு வருஷம் வெளிநாட்ல இருந்துட்டு வந்தவன் சார் நான். வெளிநாடுன்னதும் துபாய், சிங்கப்பூர்னு நெனைச்சிராதீங்க. எத்தியோப்பியா. ஆமா, ஆப்பிரிக்காதான். மலைமேல ஒரு ஊரு, அங்க யுனிவர்சிட்டியில சிவில் இன்ஜினியரிங் வாத்தியார். நம்ம ஆளுங்க அப்ப நெறையப் பேரு போனாங்க. இங்க தனியார் காலேஜ்ல குடுக்குற சம்பளம் சைக்கிள் பஞ்சர் ஒட்டக் காணாது, அதையும் மூணு மாசத்துக்கு ஒருக்க குடுப்பான். அங்க டாலர். யாரு விடுவா?

அந்த ஊர்ல வெளிநாட்டுக்காரனுக்கு ஃபரஞ்சின்னு பேரு. நாம வெள்ளைக்காரனைப் பரங்கின்னு சொல்றோம்ல, ரெண்டும் ஒண்ணுதான்னு ஜெபராஜ் சொல்வாரு. ஜெபராஜ் என்கூட வேலை பாத்தவரு, மார்த்தாண்டத்துக்காரர். எனக்கு முன்னாலயே போயி அந்தப் பாஷையெல்லாம் நல்லாக் கத்துக்கிட்டவரு. என் நிறத்தைப் பாருங்க சார், இதைப் பாத்துப் பரங்கிங்கறான். சரி, கூப்பிட்டுட்டுப் போகட்டும். ஆனா ஃபரஞ்சிக்கு எல்லாத்துக்கும் தனி விலை. வீட்டு வாடகைக்கு ஒரு விலை, லாட்ஜுக்கு ஒரு விலை. முடி வெட்டப் போனாக்கூட எனக்குப் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கவன் குடுக்குற மாதிரி ரெண்டு மடங்கு. எனக்கு இருக்கிறதே பின்னந்தலையில கொஞ்சம் முடி. பாதி விலைதானே வாங்கணும்?

எனக்கு அதைத் தாங்க முடியலை. காசுக்காக இல்லை சார். காசு இருந்துச்சு. என்னை ஏமாளின்னு நெனைச்சிட்டாங்களேங்கறதுதான். அதனால என்ன செய்வேன்னா, எங்க குவார்ட்டர்ஸ் வாட்ச்மேனைக் கூட்டிட்டுப் போவேன். கடைக்கு நாலு கட்டிடம் முன்னாலயே நான் நின்னுக்குவேன். அவன் போயி வாங்கிட்டு வருவான். ஒரு தடவை அடுப்பு வாங்குறதுக்கு முக்கால் மணி நேரம் ஒரு சுவருக்குப் பின்னால நின்னேன். மழை வேற. நாற்பத்தி மூணு வயசு, எம்.இ. படிச்சவன், சுவருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு நிக்கிறேன். ஆனா அடுப்பு ஊர் விலைக்கு வந்துச்சு. அன்னைக்கு ராஜா மாதிரித் தூங்கினேன்.

என் சம்சாரம் அங்க வந்தது ரெண்டாவது வருஷம். செண்பகவல்லி. கல்யாணம் ஆகி அப்பவே ஒம்பது வருஷம், புள்ள இல்லை. பாக்காத டாக்டர் இல்லை, போகாத கோயில் இல்லை. ஊர்ல இருந்தா விசேஷ வீட்டுக்குப் போக முடியலை, நாலு பேரு நாலு விதமாக் கேக்குறாங்க. அங்க வந்தாலாவது நிம்மதியா இருப்பான்னு கூட்டிட்டுப் போனேன். நான் காலையில எட்டு மணிக்குக் காலேஜுக்குப் போயிருவேன். அவ அந்த குவார்ட்டர்ஸ்ல தனியா. பாஷை தெரியாது. கரன்ட் பாதி நாள் இருக்காது. ஜெபராஜ் வீட்டம்மாவும் ஊருக்குப் போயிட்டாங்க. சாயந்திரம் நான் வந்தா, காலையில எந்த இடத்துல உக்காந்திருந்தாளோ அங்கேயே இருப்பா. நான் அதைக் கவனிச்சேன் சார். கவனிக்கலைன்னு அவ சொல்றா, ஆனா கவனிச்சேன்.

அப்புறம் சனிக்கிழமைச் சந்தைக்கு அவளே போக ஆரம்பிச்சா. அங்க ஒரு பொம்பளை, வெங்காயம், தக்காளி, பூண்டு விக்கிறவ. பேரு வொர்க்கினெஷ். அதுக்கு அவங்க பாஷையில ‘நீ தங்கம்’னு அர்த்தமாம். அதைக் கேட்டதுல இருந்து இவ தங்கக்கான்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டா. காலையில ஒம்பது மணிக்குப் போனா ஒரு மணிக்குத்தான் வருவா. மூணு கிலோ காய் வாங்க நாலு மணி நேரமான்னு கேட்டா, சிரிப்பா. அவ சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு, அதனால மேல கேக்கலை. விலையை மட்டும் கேட்டேன்.

வெங்காயம் கிலோ ஊர்க்காரனுக்கு எட்டு பிர். பிர்ங்கறது அவங்க ரூபாய். இவகிட்ட பன்னெண்டு வாங்கியிருக்கா. அதுவும் எத்தனை வாரமா! எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. அந்த ஊர்ல எது என்ன விலைன்னு நம்ம ஆளுங்க எல்லாரும் என்கிட்டதான் வந்து கேப்பாங்க. என் பொண்டாட்டியையே ஒருத்தி இப்படி மொட்டை அடிக்கிறா.

அடுத்த சனிக்கிழமை செண்பகத்தோட ஜெபராஜையும் கூட்டிக்கிட்டுச் சந்தைக்குப் போனேன். நல்லாச் சத்தம் போட்டேன். சுத்தி இருந்த கடைக்காரங்க எல்லாம் கூடிட்டாங்க. அந்தப் பொம்பளை பயப்படலை சார், செண்பகத்தைப் பாத்துச் சிரிச்சா. உன் புருஷனுக்கு டாலர்ல சம்பளம், எனக்கு நாலு புள்ளைங்க, நாலு காசு கூட வச்சா என்னன்னாளாம். அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னா, ஜெபராஜ் அதைச் சொல்லத் தயங்கினாரு. இந்த மண்ணுல பொறந்தவங்களுக்குத்தான் ஊர் விலை, இவ இங்க ஒரு புள்ளையப் பெக்கட்டும், அன்னையில இருந்து எட்டுதான், அப்படின்னாளாம்.

எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. ஒம்பது வருஷமா ஊர்ல எல்லாரும் குத்திக் காட்டினது போதாதுன்னு இவளுமான்னு. செண்பகத்தைத் திரும்பிப் பாத்தேன், அழப் போறாளோன்னு. அவ சிரிச்சுக்கிட்டு நின்னா. அதை எப்படி எடுத்துக்கறதுன்னே எனக்குத் தெரியலை.

வீட்டுக்கு வந்ததும் இனிமே அவகிட்ட வாங்காதேன்னு சொன்னேன். அப்ப அவ சொன்னா:

“அவ நாலு காசு கூட வாங்கிட்டுப் போகட்டும். நான் போனா முக்காலி எடுத்துப் போட்டு உக்காருங்கறா, காப்பி வறுத்து ஊத்தித் தர்றா. வேற யாருங்க எனக்கு இந்த ஊர்ல உக்காருன்னு சொன்னாங்க?”

காப்பிக்கும் முக்காலிக்கும் சேத்துத்தான் அந்த நாலு பிர்னு நான் விளக்கினேன். வியாபார தந்திரம், நம்ம ஊர் ஜவுளிக்கடையில கூல் டிரிங்க்ஸ் குடுக்கறாங்கல்ல, அந்த மாதிரி. மறு வாரத்துல இருந்து எட்டுதான் வாங்கினான்னு வந்து சொன்னா. பின்னால தெரிஞ்சுது, பன்னெண்டே குடுத்துட்டு, மிச்சத்தை அவ கைக்காசுல இருந்து சரிக்கட்டியிருக்கா. என்கிட்டயே பொய் சொல்ல வச்சிட்டா சார் அந்தப் பொம்பளை.

அவ உண்டானதை முதல்ல கண்டுபிடிச்சதும் அந்தத் தங்கம்தான். சந்தையில மிளகாய்ப்பொடி வாடைக்கு இவளுக்குக் குமட்டியிருக்கு. அவ கையைப் புடிச்சுப் பாத்திருக்கா, முகத்தைப் பாத்திருக்கா, சொல்லிட்டா. பத்து வருஷத்துக்கப்புறம் சார். எனக்கு டாக்டர் சொல்லி, ஸ்கேன்ல பாத்த பிறகுதான் நம்பிக்கை வந்துச்சு. ஊருக்கு அனுப்பிரலாம்னு பாத்தேன். பிளைட்ல போறது வேண்டாம், ரொம்ப நாள் கழிச்சு நின்னிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அதனால அங்கேயே. பொம்பளைப் புள்ள. நல்ல எடை. என் அம்மா மூக்கு.

தங்கம் தினமும் வந்தா. மாவைக் கெட்டியாக் கிளறி நடுவுல குழி பண்ணி அதுல நெய்யும் காரமும் ஊத்தி ஒரு கஞ்சி, புள்ள பெத்தவளுக்கு அங்க அதுதான் குடுப்பாங்க. கூட நாலஞ்சு பொம்பளைங்களைக் கூட்டிட்டு வந்து, எல்லாரும் சுத்தி உக்காந்து ஒரே சட்டியில சாப்பிட்டாங்க. அந்தச் சனிக்கிழமை நானே சந்தைக்குப் போனேன். வெங்காயம் எட்டுன்னா. தக்காளிக்கும் ஊர் விலைதான் போட்டா, மேல ரெண்டு கை அள்ளியும் போட்டா. நான் அன்னைக்குச் சத்தம் போட்டது இப்பவாவது வேலை செஞ்சுதேன்னு ஜெபராஜ்கிட்டச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அவரு, புள்ள எப்படி இருக்குன்னு கேட்டாரு.

பதினோரு நாள் சார். ஒம்பதாம் நாள் காய்ச்சல், மூச்சு வாங்குச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்கேயும் ஃபரஞ்சிக்குத் தனி ரேட்டுதான். நான் பேரம் பேசலை. அதை நீங்க நம்பணும். கேட்டதைக் கேட்ட நேரத்துல கட்டினேன். செண்பகமும் அதை இல்லைன்னு சொல்ல மாட்டா. ரெண்டு நாள் பாத்தாங்க. பதினோராம் நாள் விடியறப்ப போயிருச்சு.

ஊரை ஒட்டி ஒரு தைலமரத் தோப்பு. அங்க தங்கத்தோட வீட்டுக்காரர்தான் குழி வெட்டினாரு. நான்தான் தூக்கிட்டுப் போனேன். ஜெபராஜ் பக்கத்துலயே வந்தாரு. எனக்குக் கண்ணீர் வரலை. அடுத்தது என்ன செய்யணும், யார்கிட்டச் சொல்லணும், டிக்கெட் போடணுமா, அப்படியே புத்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆம்பளைக்கு அப்படித்தானே சார்.

திரும்பி வந்து பாத்தா, வீடு நெறையப் பொம்பளைங்க. எல்லாரும் வெள்ளைத் துணி போத்தியிருக்காங்க. சந்தையில இருக்கிற அத்தனை பேரும் வந்துட்டாங்க போல. தரையில உக்காந்து, ஒருத்தி ராகம் போட்டு ஆரம்பிப்பா, மத்தவங்க மாரில அடிச்சுக்கிட்டு அழுவாங்க. அப்படியே நம்ம ஒப்பாரிதான். எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. சாப்பாடு அவங்களே கொண்டு வந்தாங்க. காப்பி அங்கேயே வறுத்து, இடிச்சு, போட்டாங்க. ரெண்டாம் நாளும் வந்தாங்க. மூணாம் நாளும் வந்தாங்க. சந்தை நாள் அது, கடையைப் போடாம வந்திருக்காங்க. செண்பகம் முதல் நாள் கல்லு மாதிரி உக்காந்திருந்தா. ரெண்டாம் நாள் தங்கத்தோட மடியில விழுந்து கத்தி அழுதா. நான் வாசல் ரூம்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்துச்சு.

இப்ப நீங்களே சொல்லுங்க. எங்க அப்பா செத்தப்ப, கழுகுமலைப் பக்கம் இருந்து நாலு பொம்பளைங்களை வேன் வச்சுக் கூட்டிட்டு வந்தோம், ஒப்பாரிக்கு. ஆளுக்கு இவ்வளவு, சாப்பாடு தனி, வேன் வாடகை தனி, எல்லாம் முன்னாலயே பேசித்தான் வண்டி ஏத்தினோம். அது நம்ம வழக்கம். அதுல குத்தம் என்ன இருக்கு? நான் அப்படித்தான் நெனைச்சேன். இருபது பேரு, மூணு நாள் வேலையைப் போட்டுட்டு வந்து, மாரடிச்சு அழுதிருக்காங்க. சும்மா அனுப்பினா நல்லாவா இருக்கும்? ஃபரஞ்சி ஏமாத்திட்டான்னு ஊரே சொல்லாதா?

மூணாம் நாள் சாயந்திரம் எல்லாரும் எந்திரிச்சாங்க. நான் வாசல்ல போயி நின்னேன். ஜெபராஜ் அப்ப இல்லை. தங்கத்தைக் கூப்பிட்டு, எவ்வளவுன்னு கேட்டேன். அந்த ஒரு வார்த்தை எனக்கு நல்லாவே வரும், மூணு வருஷமா அதைத்தானே பேசிக்கிட்டிருந்தேன். அவளுக்குப் புரியலை. காய்க்குக் கேக்குறேன்னு நெனைச்சாளோ என்னவோ. உள்ளே கையைக் காட்டி, இவங்களுக்கெல்லாம் எவ்வளவுன்னு கேட்டேன். கையில நோட்டு வச்சிருந்தேன். அப்புறம், மூணு வருஷப் பழக்கம் சார், வாயில தானா வந்துருச்சு:

“ஃபரஞ்சி விலை சொல்லாதே. ஊர் விலையைச் சொல்லு.”

அவ என்னைப் பாத்தா. கோபமாப் பாத்திருந்தா எனக்குத் தாங்கியிருக்கும், கோபத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். அவ கோபப்படலை. போத்தியிருந்த துணியை இழுத்துத் தலையை மூடிக்கிட்டா. திரும்பி உள்ள போயி செண்பகத்தோட கன்னத்துல கை வச்சு ‘ஐஸோஷ்’ன்னா. தைரியமா இருடி, நான் இருக்கேன், அப்படிங்கற மாதிரி ஒரு வார்த்தை அது. அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. பின்னாலயே ஒவ்வொருத்தரா எல்லாரும் போனாங்க. ஒருத்தி காப்பிப் பானையை மறந்து வச்சிட்டுப் போனா, அதை எடுக்கக்கூட வரலை. நோட்டைப் புடிச்சுக்கிட்டு நான் வாசல்லயே நிக்கிறேன். உள்ளே இருந்து செண்பகம் எல்லாத்தையும் கேட்டிருக்கா. நான் உள்ள போனப்ப, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

நான் என்ன செஞ்சேன் சார்? காசு குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? குடுக்கிறேன்னுதானே சொன்னேன்.

ஒரு மாசம் கழிச்சு அவ சந்தைக்குப் போனா. அரை மணி நேரத்துல திரும்பி வந்துட்டா. என்ன ஆச்சுன்னேன். ஒண்ணும் ஆகலை, தங்கக்கா ஊர் விலைதான் போட்டா, எடை சரியா இருந்துச்சு, சில்லறை சரியாக் குடுத்தா, முகத்தை மட்டும் நிமித்தவே இல்லைன்னு சொன்னா. முக்காலி போடலையான்னு நான் கேக்கலை. கேட்டிருக்கணும். இப்பத் தோணுது. அன்னைக்கு எனக்குத் தோணினது, அப்பாடா, இனிமே யாரும் ஏமாத்த மாட்டாங்கன்னுதான். அவ அந்தப் பையை அடுப்படியில வச்சுட்டு, ஊருக்கு டிக்கெட் போடுங்கன்னா.

அனுப்பிவச்சேன். காண்ட்ராக்ட் முடியற வரைக்கும் ஒரு வருஷம் தனியா இருந்தேன். திரும்பி வந்து திருச்சியில ஒரு காலேஜ்ல சேந்து, வீடு பாத்து, எல்லாம் ரெடி பண்ணிட்டுக் கூப்பிட்டேன். அவ வரலை. கோவில்பட்டியில தம்பி வீட்ல இருக்கா. நர்சரி ஸ்கூல் ஒண்ணுல சின்னப் புள்ளைங்களைப் பாத்துக்கிற வேலை. சண்டை கிண்டை எதுவும் இல்லை. நான் போனா சாப்பாடு போடுவா. வர்றியான்னு கேட்டா, பாக்கலாம்பா. மூணு வருஷமா ரெண்டாவது சனிக்கிழமை ஒண்ணு விடாமப் போயிக்கிட்டு இருக்கேன். எங்க வீட்ல எல்லாரும் அவளைத்தான் குத்தம் சொல்றாங்க. நானும்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு கேள்வி கேட்டதுக்கு இத்தனை வருஷமான்னு.

போன மாசம் போனப்ப அவ ஃபோன்ல பேசிக்கிட்டிருந்தா. நான் வந்ததைப் பாத்தா, கையைக் காட்டி உக்காருன்னா, பேச்சை நிறுத்தலை. அரை மணி நேரம் சார். அந்த ஊர்ப் பாஷையில, தண்ணி மாதிரி. அந்தத் தங்கம்கூடத்தான். எப்ப மறுபடி சேந்தாங்க, யாரு முதல்ல யாரைக் கூப்பிட்டாங்க, எனக்குத் தெரியாது. மாசாமாசம் பேசுவாங்க போல. நாலு வருஷம் அந்த ஊர்ல இருந்தவன் நான், எனக்கு ஒரு வார்த்தை புரியலை. விலைவாசி எதையும் அவங்க பேசலை. ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்துச்சு. அய்னாலெம், அய்னாலெம்னு. அதைச் சொல்றப்பல்லாம் இவ குரல் இறங்கிப் போகுது.

வச்சதும் கேட்டேன், யாரு அது அய்னாலெம், அவ மகளான்னு.

“நம்ம பொண்ணு”ன்னா.

பதினாறாம் நாள் பேர் வைக்கிறதா இருந்தோம், அதுக்குள்ள போயிருச்சு, பேரில்லாமத்தான் புதைச்சேன். அப்படித்தானே நான் நெனைச்சுக்கிட்டிருக்கேன். அவ சொன்னா, பேரு இல்லாத புள்ளைக்கு எப்படி அழறதுன்னு ரெண்டாம் நாள் அழ வந்த பொம்பளைங்கதான் கேட்டாங்களாம். அவங்களே யோசிச்சு வச்சாங்களாம். அந்தப் பேரைச் சொல்லித்தான் அன்னைக்கு முழுக்க அத்தனை பேரும் அழுதிருக்காங்க. நான் வாசல் ரூம்ல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பாட்டுன்னு நெனைச்சேன். தோப்புல ஒரு கல்லு நட்டு அதுல எழுதி வச்சிருக்காங்களாம், தங்கம்தான் போயிப் பாத்துக்கறாளாம்.

என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சார், பேரு வைக்கிறப்ப? பெத்த அப்பன் நான், அடுத்த ரூம்லதானே இருந்தேன். கேக்கலையேன்னு அவகிட்டயே சொன்னேன். அவ சாப்பாடு எடுத்து வைக்கப் போயிட்டா.

அந்தப் பேருக்கு அர்த்தம் என்னன்னு கேக்க விட்டுப் போச்சு. ஜெபராஜைக் கூப்பிட்டுக் கேட்டா உடனே சொல்லிருவாரு. அவகிட்ட கேக்கணும்னு வச்சிருக்கேன். சாத்தூர் தாண்டிருச்சா? இன்னும் இருபது நிமிஷம் இருக்கும். ஒரு மாசமா அந்தப் பேரை வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்கறேன், சரியா வருதான்னு தெரியலை. அவ வாயால சொல்றப்ப வேற மாதிரி இருக்கு. அவ ஒரு தடவை சொல்லிக் குடுத்தாப் போதும். எனக்கு இன்னும் அழுகை வரலை சார்.